கதவுக்கு வெளியே நின்று பார்த்த முட்டைகள்

நீங்கள் எல்லோரும் இப்போது செல்போன் வெளிச்சத்தில் முட்டை பார்க்கிறீர்கள். போன மாதம் பெரம்பலூரில் உங்கள் பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தபோது கவனித்தேன். முட்டையை எடுத்து, லைட்டை அடியில் வைத்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் இது கரு, இது கூமுட்டை என்று பிரித்து வைத்துவிடுகிறீர்கள். அதில் நான் திருத்த ஒன்றும் இல்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் உங்களில் ஒருத்தி கேட்டாள்: "இத்தனை வருசத்துல உங்களுக்கு ரொம்பக் கஷ்டம் குடுத்த முட்டை எதும்மா?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, சிரித்து மழுப்பிவிட்டுக் கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டு நடு அறையில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தேன். அடியில் மண்ணெண்ணெய் விளக்கு, மேலே தகரத் தட்டு, அதற்கும் மேலே வாத்து முட்டைகள். ஊர்ப் பெண்கள் முட்டை கொண்டுவந்து வைப்பார்கள். பொரிந்ததில் எனக்கு ஒரு பங்கு. என் வீட்டுக்காரர் எறையூர்ப் பக்கம் கரும்பு ஆலை வேலைக்குப் போயிருந்தார், வார லீவுக்குத்தான் வருவார். பெட்டியில் நல்லது கெட்டது எதுவானாலும் முடிவு எடுக்க வேண்டியது நான் ஒருத்திதான்.

அந்த வருஷம் மாசி மாதம், அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க ஒரு புருஷன் பெண்சாதி வந்து தங்கியிருந்தார்கள். ராசாங்கம், அஞ்சலை. கொள்ளிடக் கரையிலிருந்து வாய்க்கால் ஓரமாகவே வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள். வந்த கொஞ்ச நாளில் வாத்துகளுக்குச் சீக்கு விழுந்தது. காலையில் நடந்த வாத்து மத்தியானம் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். பச்சையாகக் கழியும். பொழுது சாய்வதற்குள் போய்விடும். ஜெயங்கொண்டத்திலிருந்து கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, செத்ததையெல்லாம் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னார். ஒரு வாரத்தில் வயலே வெறிச்சோடிப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் ஒருநாள் காலையில் இருவரும் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அஞ்சலை இடுப்பில் ஒரு கூடை. கூடை நிறைய முட்டை, மேலே வைக்கோல்.

"யக்கா, இதெல்லாம் சீக்கு வர்றதுக்கு முன்னாடி போட்ட முட்டை. எங்களுக்கு மிச்சம் இதுதான். உங்க பொட்டியில ஒரு ஓரத்துல வச்சு எடுத்துக் குடுங்க."

படி ஏறப் போனவளைப் பார்த்து, "அங்கயே நில்லு அஞ்சலை!" என்று கத்திவிட்டேன்.

அவள் நின்றுவிட்டாள். ராசாங்கத்தின் முகம் சுருங்கிப் போனது. "வாசலோட நில்லுன்னு சொல்றீங்களா? சரிங்க. எங்களுக்கு இது புதுசு இல்ல" என்று திரும்பினார்.

அந்தச் சொல் எனக்கு எங்கே போய்த் தைத்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் மாமனார் கூலிக்குப் போன வீடுகளில் அவரை வாசலைத் தாண்ட விட்டதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், அவர் மழையில் நனைந்தபடியே ஒரு வீட்டு வாசலில் நின்று கூலி வாங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது நானே இன்னொருவரை அதே மாதிரி நிற்க வைக்கிறேன். ஆனால் என் பெட்டியில் இருந்ததோ ஊர்க்காரர்களின் முட்டை. சீக்கு முட்டை ஓட்டில் ஒட்டிக்கொண்டு வருமா, இவர்கள் கையிலும் சேலையிலும் வருமா, எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் உள்ளே விட முடியாது. வெட்கத்துக்காக உள்ளே விடவும் முடியாது.

"ராசாங்கம், நில்லுங்க. நான் நிக்கச் சொன்னது உங்களை இல்ல, சீக்கை. எங்க மாட்டுக் கொட்டகை காலியாத்தான் கெடக்கு. அதுல தங்குங்க. முட்டைய அங்கயே உமியில வச்சு அஞ்சலையே பாத்துக்கட்டும். எப்படிச் செய்யணும்னு நான் சொல்றேன். ஆனா குஞ்சு பொரிச்சு நீங்க கெளம்புற வரைக்கும் நான் கொட்டகைக்குள்ள கால் வைக்க மாட்டேன். நீங்களும் இந்தப் படி ஏறக்கூடாது. கோடு ரெண்டு பேருக்கும்தான்."

அஞ்சலை கூடையை இறக்கிவைத்துவிட்டு, "கொட்டகைக்கு எந்தப் பக்கம் போகணும் யக்கா?" என்று கேட்டாள்.

மறுநாளே பிலோமினா டீச்சர் வந்துவிட்டார். பெட்டியில் பாதிக்கு மேல் அவருடைய முட்டைதான். வரதராசன்பேட்டைக்காரர், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். குரலை உயர்த்தாமலேயே ஆளை நடுங்க வைத்துவிடுவார்.

"சரோஜா, ஊர்ல அடைக்கோழி கூட யாரும் அவங்களுக்குக் குடுக்கல. நீ மட்டும் கொட்டகைய குடுத்திருக்க. எம் முட்டைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"டீச்சர், உங்க முட்டைய இப்பப் பொட்டியிலேர்ந்து எடுத்தீங்கன்னா கரு செத்துடும். இருந்தா ஒருவேளை பொழைக்கும். அந்தப் பக்கம் நான் போகல. சோறு கூட வேலி ஓரம் வச்சுட்டு வந்துடறேன். பாத்திரத்தைத் திரும்ப வாங்குறதில்ல."

அவர் கொட்டகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கைய எத்தனை தடவ கழுவுற?" என்று கேட்டார். சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு பார் சிவப்புச் சோப்பை வாங்கிக்கொண்டுவந்து என் வீட்டுப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

அஞ்சலை கெட்டிக்காரி. உமியை வாணலியில் வாட்டி, சாக்கில் கொட்டி, துணியில் முடிந்த முட்டைகளை அதற்கு நடுவே அடுக்கினாள். சூடு சரியா என்று பார்க்க முட்டையை மூடிய கண் இமைமேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இமை சுட்டால் சூடு அதிகம், சில்லென்று இருந்தால் குறைவு. அதை உடனே பிடித்துக்கொண்டாள்.

உள்ளே கரு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பெரிய சிக்கல். நான் உள்ளே போக முடியாது. முட்டை வெளியே வர முடியாது. கொட்டகைக்கு மண் சுவர், பலகைக் கதவு. கதவில் சங்கிலி மாட்டுகிற ஓட்டை ஒன்று, கிட்டத்தட்ட ஒரு ரூபாய்க் காசு அளவு. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. மற்ற இடுக்குகளையெல்லாம் உள்ளேயிருந்து சாக்கு போட்டு அடைக்கச் சொன்னேன். நான் வெளியே வெயிலில் நின்று, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து, சூரிய ஒளியை அந்த ஓட்டைக்குள் விழ வைத்தேன். அவள் இருட்டில் நின்று, முட்டையை ஓட்டையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, தெரிவதை எனக்குச் சொல்ல வேண்டும்.

"என்ன தெரியுது?"

"ஆத்தாடி! ஆரஞ்சுப் பழம் மாதிரி இருக்குது யக்கா. நடுவுல எட்டுக்காலு பூச்சி மாதிரி, செவப்பா நரம்பு ஓடுது."

"அது கரு. பத்திரமா வை. அடுத்தது?"

"இதுல ஒண்ணுமே இல்ல. வெறும் மஞ்சளு."

"அது கூமுட்டை. தனியா எடுத்து வை."

முதல் தடவை இப்படித்தான் சுலபமாக முடிந்தது. வெற்று முட்டைகள் கொஞ்சம் கழிந்தன, மீதிக்கெல்லாம் நரம்பு ஓடியிருந்தது. ராசாங்கம் அன்றைக்கு அங்கே இல்லை, ஏரிப் பக்கம் போயிருந்தார்.

கஷ்டம் அடுத்த தடவை வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில் கரு உள்ளே அசைவது தெரியும் என்பது உங்களுக்கே தெரியும். செத்ததும் அப்போதுதான் தெரியும். செத்ததை எடுக்காமல் விட்டால் அழுகி, வெடித்து, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். அதனால் அன்றைக்குப் பார்ப்பதில் தப்பு வரக்கூடாது.

ராசாங்கம் அன்று கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி ஒரு குச்சியால் கீறிக்கொண்டிருந்தார்.

"என்ன தெரியுது அஞ்சலை?"

"அசையுது யக்கா."

"அடுத்தது?"

"அசையுது."

"அடுத்தது?"

"அதுவும் அசையுது."

கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ நெருடியது. போன தடவை ஆரஞ்சுப் பழம், எட்டுக்காலு பூச்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வர்ணனை சொன்னவள், இன்றைக்கு ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறாள். நான் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது. அப்போது ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. என் கையில் இருந்த கண்ணாடி மங்கிப் போயிற்று. ஓட்டையில் பொட்டு வெளிச்சம் இல்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "இதுவும் அசையுது யக்கா."

வெளிச்சமே இல்லாமல் எதைப் பார்த்தாள்? ஏமாற்றுகிறாளே என்று முதலில் கோபம்தான் வந்தது. வாயைத் திறக்கவும் போய்விட்டேன். அந்த நேரம் ராசாங்கம் தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்ததும் என் வாய் அப்படியே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வெளியே வரக் காத்திருக்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அஞ்சலை பதில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு இல்லை.

"ராசாங்கம், உமி தீந்து போச்சு. ரைஸ் மில்லு வரைக்கும் போயி ஒரு மூட்டை வாங்கிட்டு வந்துடுங்க" என்றேன்.

"இப்பவேவா?"

"இப்பவே வேணும். போயிட்டு வாங்க."

அவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்க்கால் திருப்பம் தாண்டும் வரை காத்திருந்தேன். மேகமும் விலகியது. கண்ணாடியை மறுபடி சாய்த்துப் பிடித்தேன்.

"அவரு போயிட்டாரு. இப்ப முதல்லேருந்து சொல்லு."

உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. நான் அவசரப்படுத்தவில்லை.

"பாதிக்கு மேல கறுத்துப் போச்சு யக்கா. ஒண்ணு கசியவே ஆரம்பிச்சிடுச்சு. நாத்தம் குடலைப் புடுங்குது. அந்த மனுசன் காது இந்தக் கதவுலயே இருக்குது, நான் எப்படி யக்கா சொல்லுவேன்? முந்தாநாளு துணி மூட்டையில பூச்சி மருந்து டப்பா கெடந்துச்சு. எதுக்குன்னு கேட்டேன், பேசல. எடுத்துட்டுப் போயி கண்காணாத எடத்துல பொதைச்சிட்டேன்."

நான் முட்டையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவளோ ஒரு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சரி. முதல்ல முட்டையப் பாப்போம்" என்றேன். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இந்தத் தடவை அவள் உண்மையைச் சொன்னாள். கறுப்பு. ரத்த வளையம். குலுங்குது. அசையுது. கறுப்பு. அசைந்தவற்றைத் தவிர மற்றதெல்லாம் செத்தவை; அவை தனியாக ஒரு சட்டியில் சேர்ந்தன. உயிருள்ளவை பாதிக்கும் குறைவு.

முடித்ததும் அஞ்சலை கதவோடு வாயை வைத்துச் சொன்னாள்: "யக்கா, ஒங்க கால்ல விழுந்து கேக்கறேன். ஒங்க பொட்டியிலேர்ந்து கொஞ்சம் முட்டை குடுங்க. இதுல கலந்து வச்சிடறேன். கூடை நெறைஞ்சு இருந்தா அந்த மனுசனுக்கு ஒண்ணும் தோணாது."

நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் தடுமாறிப் போனேன். ஒரு ஆளின் உயிரைவிட முட்டை பெரிதா? ஆனால் அந்த முட்டைகள் என்னுடையவை இல்லை, என்னை நம்பி வைத்தவர்களுடையவை. உள்ளே போனால் அவற்றுக்கும் சீக்கு வரலாம். அதைவிட முக்கியமாக, நிறைந்த கூடை இன்னும் பத்து நாள்தான் அவரை ஏமாற்றும். பொரிக்கிற அன்றைக்குச் சொந்தக்காரர்கள் குஞ்சைக் கேட்டு அந்தப் பொய் உடையும்போது அவர் தனியாக இருந்தால்? அப்போது பிடித்து நிறுத்த நான் பக்கத்தில் இருப்பேனா?

"முட்டை குடுக்க மாட்டேன் அஞ்சலை. செத்தத ஒளிக்கவும் வேணாம். அவரு வரட்டும். உயிரோட இருக்குறதுல நல்லா ஆடுற ஒண்ண எடுத்து வச்சுக்க. அதை அவரு கண்ணால பாக்கட்டும். மத்தத அப்புறம் சொல்லு. நீதான் சொல்லணும், நான் சொல்லக்கூடாது. ஆனா நான் இங்கயேதான் நிப்பேன்."

"பாக்க மாட்டேன்னுட்டா?"

"அப்ப வேற யோசிப்போம்."

ராசாங்கம் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இறக்கி வைத்தவரிடம், "உள்ள போயி ஒரு முட்டைய நீங்களே பாருங்க" என்றேன்.

"எனக்கு என்னங்க தெரியும்? அதப் பாக்கத்தான் அவ இருக்கா."

"அவ ஒருத்தியே இத்தனை நாளா பாத்துக்கிட்டிருக்கா. ஒரு தடவை நீங்க போங்க. எனக்குக் கை வலிக்குது, வெயிலு போறதுக்குள்ள போங்க."

ராசாங்கம் குனிந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். நான் கண்ணாடியைச் சாய்த்து ஒளியை ஓட்டையில் நிறுத்தினேன். அது ஆடாமல் இருக்க முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அஞ்சலை ஏதோ மெதுவாகச் சொன்னது கேட்டது. என் கழுத்தில் வியர்வை ஓடியது.

"ஏ அஞ்சலை!" ராசாங்கத்தின் குரல். "ஒதைக்குது பாரு! இந்தப் பக்கம் திரும்புது!"

"ஆமாங்குறேன்."

"கண்ணு மாதிரி கறுப்பா ஒரு பொட்டு. அதானே கண்ணு?"

"ஆமா, அதான்."

பிறகு அவர் கேட்டார்: "இந்த மாதிரி எத்தனை இருக்குது?"

அவள் சொன்னாள். குரல் உடையாமல் சொன்னாள். சட்டியில் இருப்பதையும் காட்டினாள் போலிருக்கிறது. நான் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கோட்டைத் தாண்டிவிடக்கூடாது, அதே சமயம் ஏதாவது ஆனால் கதவைத் தள்ள வேண்டும். ஊர்க்காரர்கள் முட்டை, சீக்கு எல்லாவற்றையும் அப்போது நான் நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் கதவுமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

கதவு திறந்தது. நான் பின்னால் தள்ளி நின்றுகொண்டேன். ராசாங்கம் சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"மண்வெட்டி இருக்குதுங்களா? இத ஆழமாப் பொதைக்கணும். நாயி தோண்டிடக்கூடாது" என்றார்.

மண்வெட்டியை எடுத்துவந்து வேலி ஓரம் வைத்தேன். தோட்டத்துக் கடைசியில் போய் வெட்டினார். இடுப்பளவுக்கு வெட்டினார். அஞ்சலை பக்கத்திலேயே நின்றாள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். வாத்துகள் செத்த அன்றைக்கெல்லாம் அவர் அழவே இல்லையென்று அஞ்சலை அப்புறம் என்னிடம் சொன்னாள்.

அடுத்த நாள் காலையில் சோறு வைக்கப் போனபோது, கொட்டகைக்குள் ராசாங்கத்தின் குரல்தான் கேட்டது. "இந்த வரிசை திருப்பியாச்சு, நீ போயி பல்லு வெளக்கு" என்று பெண்சாதியை விரட்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து முட்டை புரட்டுவது, உமி வாட்டுவது எல்லாம் அவர்தான். அஞ்சலை மாத்திரம் விடாமல் அவர் மேல் ஒரு கண் வைத்திருந்தாள். நானும் வைத்திருந்தேன். ஒரு நாள் பார்த்துவிட்டு விட்டுவிடுகிற விஷயம் இல்லை அது.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்தத் தொழிலில் பாதி நேரம் நீங்கள் நேரில் பார்க்க மாட்டீர்கள். வேறு யாரோ பார்த்துச் சொல்வார்கள். போனில் சொல்வார்கள், போட்டோ அனுப்புவார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரே மாதிரி பதில் வந்தால், பொய் சொல்கிறாள் என்று உடனே பாயாதீர்கள். சொல்கிறவளுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அந்த ஆளை ஒரு வேலையாக வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேளுங்கள். நான் அன்றைக்கு வந்த கோபத்தில் கதவு வழியாக அவளைத் திட்டியிருந்தால், ராசாங்கம் எல்லாவற்றையும் என் வாயிலிருந்து, அதுவும் சண்டையாகக் கேட்டிருப்பார். என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பிடிப்பதில்லை.

இன்னொன்று. இரக்கப்பட்டு அடுத்தவர்கள் பொருளை எடுத்துக் கொடுக்காதீர்கள். கொடுக்க உங்களிடம் வேறு ஏதாவது இருக்கும். என்னிடம் அன்றைக்கு ஒரு கண்ணாடியும் கொஞ்சம் வெயிலும் இருந்தன.

பொரிக்கிற நாள் வந்தது. கொட்டகைக்குள் கீச்சு கீச்சென்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. ராசாங்கம் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். "வந்து பாருங்க! ஒண்ணு ஓட்டை ஒடைச்சுத் தலைய நீட்டிக்கிட்டு நிக்குது!" என்றார். எனக்கும் ஓடிப் போய்ப் பார்க்கத்தான் ஆசை. ஆனால் என் பெட்டியில் முதலில் வைத்தவை பொரித்துவிட்டாலும், ஊர்க்காரர்கள் பிந்தி வைத்தவை பொரிக்க இன்னும் நாள் இருந்தது. "வரமாட்டேன் ராசாங்கம், தெரியும்ல?" என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். கோபப்படவில்லை.

குஞ்சுகளில் சில நோஞ்சானாக இருந்து அடுத்தடுத்த நாளில் செத்துவிட்டன. மற்றவை தேறிவிட்டன. கால் ஊன்றி நன்றாகத் தீனி எடுக்கிற வரை அவர்களை அங்கேயே வைத்திருந்துவிட்டு, பிறகு கிளம்பச் சொன்னேன். கிளம்புவதற்கு முன்னால் கொட்டகை முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, சாக்கு, உமி எல்லாவற்றையும் கொளுத்திவிட்டார் ராசாங்கம். நான் சொல்லவே இல்லை.

அவர்கள் வாய்க்காலுக்கு அந்தக் கரையில் ஏறி நடந்தார்கள். நான் இந்தக் கரையில் நின்றேன். அஞ்சலை நின்று, கூடையைச் சாய்த்து, மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினாள். அத்தனை தூரத்தில் எனக்கு மஞ்சளாக ஒரு அசைவு மட்டும்தான் தெரிந்தது. அந்தக் குஞ்சுகளை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ராசாங்கம் கையை வாயில் குவித்துக்கொண்டு கூப்பிட்டார்: "உங்க பொட்டி எப்படிங்க இருக்குது?"

"கடைசியா வச்சது அடுத்த வாரம்தான் தெரியும்!" என்று கத்தினேன்.

அவர் அங்கேயே நின்றுவிட்டார். அஞ்சலை நடக்கத் தொடங்கிய பிறகும் நின்றார். "நல்லா வரும்ங்க! எங்களால ஒண்ணும் ஆகியிருக்காது!" என்றார். சொல்லிவிட்டு, நானும் ஆமாம் என்று சொல்வேனா என்று அந்தக் கரையிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.